எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள்: சிறப்புப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பள்ளியை நடத்தும் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

கடந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு, பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் அவர்கள் நான்கு வரிச் செய்தி ஒன்றைப் பதிவிட்டார். பதினான்கு ஆண்டுகள் பணியாற்றிய தலைமைச் சிறப்பாசிரியை நிர்வாகக் காரணங்களால் விடுவிக்கப்பட்டார். குழு உறுப்பினர் ஒருவரின் உறவினர் மறு ஏற்பாடு வரை பொறுப்பு வகிப்பார். பெற்றோர் இனி வாசல் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மாதக் கட்டணத்தில் மாற்றம் இல்லை. இவையே அந்த நான்கு வரிகள். அடுத்த சில நிமிடங்களில், நிர்வாகிகளைத் தவிர வேறு யாரும் அந்தக் குழுவில் எதுவும் எழுத முடியாதபடி மாற்றப்பட்டது. நான் ஜூலையில் ஒரு கடிதமும் ஆகஸ்டில் ஒரு கடிதமும் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். முதல் கடிதத்துக்கு ஒப்புகை முத்திரை வைத்துத் தந்தார்கள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. பதில் இரண்டுக்கும் இல்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரையும் தங்கள் பெயர்களையும் எழுதவில்லை, ஏனெனில் இந்தப் பள்ளி மூடப்பட வேண்டும் என்றோ யாரும் அவமானப்பட வேண்டும் என்றோ நான் விரும்பவில்லை. என் மகன் தன் பதினைந்து வயதில் ஒன்பது ஆண்டுகளை அங்கேதான் கழித்திருக்கிறான்.

என் மகனுக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன, வலிப்பு நோயும் உண்டு, அவன் பேசுவதில்லை. தங்கள் பள்ளியிலுள்ள முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அவனைப் போலப் பேசாதவர்கள் அல்லது நடந்ததை நடந்தபடி கோத்துச் சொல்லத் தெரியாதவர்கள். மற்றப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளை சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடும்: இன்றைக்கு டீச்சர் வரவில்லை, இவன் அடித்தான், சாம்பாரில் உப்பில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. முப்பது பிள்ளைகள் முப்பது வீடுகளில் சொல்லும் இந்தக் கதைகள்தாம் அந்தப் பள்ளிகளுக்கு நடக்கும் அன்றாடத் தணிக்கை. அங்கே நிர்வாகம் கணக்குக் காட்டாவிட்டாலும் பிள்ளைகள் காட்டிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். அவர்களுக்காகச் சொல்ல வேண்டியவை நோட்டுகளும் பதிவேடுகளும் திறந்த கதவும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையின் கண்ணும்தான். அந்த நான்கு வரிச் செய்தியில் தாங்கள் எடுத்துவிட்டது இவற்றைத்தான். இதை ஒரு பணியாளர் மாற்றமாகத் தாங்கள் பார்த்திருக்கலாம். எங்களைப் பொறுத்தவரை எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த வாயையே அடைத்துவிட்டீர்கள்.

இது மிகைக் கூற்று என்று தோன்றினால் ஜூலை மூன்றாம் வாரத்தில் நடந்ததைக் கேளுங்கள். என் மகனுக்கு மதியம் சாப்பிட்டவுடன் ஒரு வலிப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெயர் எழுதிய சிறு பையில் பத்து மாத்திரை கொண்ட அட்டையை வைத்து அனுப்புவேன். தலைமை ஆசிரியை தன் கையால் மாத்திரை கொடுத்து, அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் மருந்துப் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுவார். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டுவார். ஒன்பது ஆண்டுகளில் இந்த வழக்கம் தவறியதை நான் பார்த்ததில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, அவன் டம்ளரில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. இரண்டு ஆண்டு இரண்டு மாதங்களுக்குப் பிறகு வந்த வலிப்பு அது. நான்கு நிமிடம் நீடித்தது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா என்பதுதான். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பள்ளிப் பையைத் திறந்து அட்டையை எண்ணினேன். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மாத்திரை குறைந்திருக்க வேண்டும். பத்தும் அப்படியே இருந்தன.

அன்றிரவு நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அதற்கு முந்தைய வாரங்களில் என்ன நடந்தது? மீந்த மாத்திரைகளை முன்பெல்லாம் நான் எண்ணியதில்லை, எண்ண வேண்டிய தேவை இருந்ததில்லை. அவனிடம் கேட்க வழியில்லை. மறுநாள் பள்ளிக்குச் சென்றபோது, இப்போது பொறுப்பிலுள்ள அம்மையார் வாசலிலேயே நின்று, "மாத்திரை விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஒரே நாளில் ஒருவரை வெளியே அனுப்பி மறுநாள் இன்னொருவரை உட்கார வைத்தால், எந்தப் பிள்ளைக்கு எந்த மாத்திரை, யாருக்குப் பாலில் ஒவ்வாமை, யாருக்கு உணவைக் குழைத்துக் கொடுக்காவிட்டால் புரையேறும், யார் மணிச் சத்தம் கேட்டால் ஓடுவார் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? பொறுப்பை ஒப்படைக்க ஒரு நாள்கூடத் தராத முடிவு அவருடையதன்று, தங்கள் குழுவினுடையது. அந்த மருந்துப் பதிவேட்டை நான் பார்க்கக் கேட்டேன். ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அதில் எழுத்தே இல்லை.

விடுவிக்கப்பட்ட ஆசிரியையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஏன் விடுவிக்கப்பட்டார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தை ஊகித்துப் பரப்பவும் மாட்டேன். அவர் என்ன செய்தார் என்பது மட்டும் தெரியும். என் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க நான் வீட்டில் இரண்டு ஆண்டுகள் முயன்று தோற்றிருந்தேன். நான் முதல் பொத்தானிலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டாவதில் அவன் அலறிவிடுவான். அந்த ஆசிரியை கடைசிப் பொத்தானிலிருந்து ஆரம்பித்தார். மற்ற எல்லாவற்றையும் தானே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி துளையில் நுழைத்து, இழுத்து முடிப்பதை மட்டும் அவனிடம் விட்டார். முடித்தவுடன் அவன் வெற்றி பெற்றவனாக எழுந்து போனான். சில வாரம் கழித்துக் கடைசி இரண்டு, பிறகு மூன்று. ஏழு மாதத்தில் அவன் தானே சட்டை போட்டான். வேலையின் கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுக்கும் இந்த முறை அன்பால் மட்டும் யாருக்கும் தெரிந்துவிடுவதில்லை. அன்புக்கு என்னிடமும் குறைவில்லை. இது படித்துப் பயிற்சி பெற்று வரும் தொழில்.

அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் மெட்ராஸ் டெவலப்மென்டல் ப்ரோகிராமிங் சிஸ்டம் என்ற மதிப்பீட்டு முறையில் நோட்டு வைத்திருந்தார். சென்னையிலேயே உருவாகி நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளில் பயன்படும் முறை அது: பதினெட்டுக் களங்கள், களத்துக்கு இருபது திறன்கள், மொத்தம் 360. உண்பது, உடுப்பது, குளிப்பது, பேச்சைப் புரிந்துகொள்வது, பணத்தைக் கையாள்வது என்று ஒவ்வொன்றிலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறித்து, எங்களை அழைத்து உட்காரவைத்து, அடுத்த மூன்று மாதத்தில் எந்த மூன்று திறனைப் பிடிப்பது என்று எங்களோடு சேர்ந்து முடிவு செய்வார். அது எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். ஜூனுக்குப் பிறகு எந்தப் பெற்றோருக்கும் அந்த நோட்டு காட்டப்படவில்லை. தனிநபர் கல்வித் திட்டக் கூட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பும் முன்னேற்றமும் கண்காணிக்கப்பட வேண்டும் என்கிறது. நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு முன்னேற்றத்தை எப்படிக் கண்காணிப்பது?

இந்தியாவில் சிறப்பாசிரியராகப் பணி செய்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பட்டயமோ பட்டமோ பெற்று, அதன் மையப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1992 ஆம் ஆண்டின் சட்டம். இப்போதைய பொறுப்பாளருக்கு அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று என் இரண்டு கடிதங்களிலும் கேட்டிருந்தேன். அது மறைக்க வேண்டிய தகவல் அன்று. இருந்தால் ஒரு வரியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். பள்ளியில் இன்று பதிவு பெற்ற சிறப்பாசிரியர்கள் இருவர். மற்ற இருவர் உதவியாளர்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், மத்திய அரசு விதிமுறையை அறிவிக்கும் வரை டெல்லியின் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் தந்த பரிந்துரைகளை இடைக்கால ஏற்பாடாகப் பின்பற்றச் சொன்னது. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள் ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது அந்த அளவு. தங்களிடம் மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகள் ஐவர், மற்றவர்கள் முப்பத்து மூவர். அந்தக் கணக்கில் எட்டு ஆசிரியர்கள் வேண்டும். சிறு ஊரில், இந்தச் சம்பளத்தில், தகுதியுள்ளவர்கள் கிடைப்பது கடினம் என்பதை நான் அறிவேன்; எட்டுப் பேரை நாளைக்கே நியமியுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் கிடைப்பது இவ்வளவு அரிதாக இருக்கும்போது, இருந்த மூவரில் மிக மூத்தவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பும் உரிமை ஒரு குழுவுக்கு உண்டா என்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்டில் நடந்ததைப் பெற்றோர் சிலர் மட்டுமே அறிவார்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மதியம் திறந்திருந்த வாசல் வழியாக வெளியேறி, பேருந்து போகும் சாலையைக் கடந்து, எதிர்ப்புறத் தேநீர்க் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் இருந்த ஆயாவைச் செலவைக் குறைக்கவென்று ஜூலையில் நிறுத்திவிட்டீர்கள். கடைக்காரர் அவன் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் பார்த்துக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவனைத் தேடி யாரும் வரவில்லை என்று அவரே சொன்னார். அவன் இல்லாதது அதுவரை பள்ளியில் யாருக்கும் தெரியாது. அவனுடைய தாய்க்கு இதைப் பள்ளி சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அந்தக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தத் தாய் விசாரிக்க வந்தபோது, "பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன் பெரிதாக்குகிறீர்கள்" என்று அலுவலகத்தில் கேட்கப்பட்டது. ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த நேரம் சாலையில் பேருந்து வரவில்லை என்பதால். அந்த நாளை எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதாததால், அப்படி ஒன்று நடக்கவில்லை என்றே பள்ளியின் வரலாற்றில் இருக்கும். பிள்ளையும் சொல்லப் போவதில்லை.

இதே ஆயாதான் பெரிய பெண் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றவர், மாதவிடாய் நாட்களில் உடை மாற்றிவிட்டவர். அவர் இல்லாத இந்த மாதங்களில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று அந்தப் பெண்களின் தாய்மார்கள் கேட்டதற்கு, "பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைத்தது. நேர்வதைச் சொல்லத் தெரியாத பெண் குழந்தைகளின் உடலைத் தொட்டுப் பராமரிப்பவர் யார் என்பது அவர்களின் தாய்க்குப் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கும்போது தங்கள் தரப்பிலிருந்து வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: நாங்கள் சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறோம். அதை நான் மறுக்கவில்லை. தலைவர் அவர்கள் வேன் வாங்கத் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தார் என்பதும், வெள்ளத்தின்போது குழு உறுப்பினர்கள் இரவு முழுவதும் பள்ளியில் நின்று தண்ணீரை இறைத்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேவை என்ற சொல் கேள்விகளுக்கு முன்னால் வைக்கும் தடுப்பாக மாறும்போது அது எங்கள் பிள்ளைகளைத் தருமம் பெறுபவர்களாகவும் எங்களைக் கடன்பட்டவர்களாகவும் ஆக்கிவிடுகிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் கல்வி தருமமாகக் கிடைப்பதன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று அதே 2016 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைத் தரும் பொறுப்பு அரசினுடையது. அரசின் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கைத் தாங்கள் மானியமும் அங்கீகாரமும் பெற்று ஏற்றிருக்கிறீர்கள். ஏற்றவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பிறந்தநாள் விருந்துகளைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், அவை இதன் இன்னொரு முகம் என்பதால். வாரத்தில் இரண்டு மூன்று நாள் யாராவது நன்கொடையாளர் மதிய உணவு தருகிறார்கள். நல்ல மனதோடு வருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வரும் நேரத்துக்கு ஏற்பப் பதினோரு மணிப் பயிற்சி நிறுத்தப்பட்டு, பிள்ளைகள் வரிசையில் உட்கார வைக்கப்பட்டு, கைகூப்பச் சொல்லப்பட்டு, புகைப்படம் எடுக்கப்பட்டு, அன்று மாலையே அந்தப் படங்கள் பள்ளியின் முகநூல் பக்கத்தில் முகம் மறைக்காமல் வெளியாகின்றன. என் மகன் கூட்டமும் கைதட்டலும் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழும் படம் ஒன்றை என் உறவினர் ஒருவர் எனக்கு அனுப்பிவைத்தார். அதன் கீழே முகம் தெரியாத நூறு பேர் இரக்கப்பட்டிருந்தார்கள். முந்தைய தலைமை ஆசிரியை இருந்தவரை விருந்து பன்னிரண்டரை மணிக்கு, படம் வேண்டாம் என்று ஒழுங்கு வைத்திருந்தார். வகுப்பறைக்குள் தாய் வரக்கூடாது, கேமராவோடு நன்கொடையாளர் வரலாம் என்ற இன்றைய நிலை எந்த விதியின் கீழ் வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்தப் பள்ளி இப்படித் தொடங்கவில்லை. 2003 ஆம் ஆண்டு, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளியும் முன்வராத பதினொரு பெற்றோர் ஒரு வாடகை வீட்டில் இதை ஆரம்பித்தார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, கீழ் பதிவு செய்தார்கள். சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரும் நூறு ரூபாய் கட்டி உறுப்பினராக வேண்டும், நிர்வாகக் குழுவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், குழுவில் இருவராவது படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருக்க வேண்டும் என்று துணைவிதிகளில் எழுதிவைத்தார்கள். முதல் செயலாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் காலத்தில் அன்றாடச் செலவு நோட்டு அலுவலக மேசையின் மேல் திறந்தே கிடக்கும் என்றும், பிள்ளையை விட வரும் யாரும் புரட்டிப் பார்க்கலாம் என்றும் மூத்த பெற்றோர் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாத இடத்தில் பெரியவர்கள்தாம் கேள்வி கேட்க வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

சங்கச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். தணிக்கை செய்த கணக்கு அதன் முன் வைக்கப்பட வேண்டும். பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். நம் சங்கத்தில் நான் கலந்துகொண்ட கடைசிப் பொதுக்குழு 2019 ஆம் ஆண்டில் நடந்தது. அடுத்த இரண்டு ஆண்டு கொரோனா. அது எல்லோருக்கும் விளங்கும் காரணம். அதற்குப் பிறகும் கூட்டம் இல்லை. அன்று தேர்வான குழுவே இன்றும் தொடர்கிறது. குழுவில் பெற்றோராக இருந்த இருவரில் ஒருவரின் மகன் பள்ளிப் பருவம் முடிந்து போய்விட்டான், மற்றவர் காலமாகிவிட்டார், இரண்டு இடங்களும் நிரப்பப்படவில்லை. 2019 க்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் நூறு ரூபாய் வாங்கவே இல்லை. ஆக அவர்கள் உறுப்பினர்கள் இல்லை; கேள்வி கேட்க நிற்கும் இடமே அவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு தவறும் தனியாகப் பார்த்தால் அசட்டை போலத் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து, தங்களை யாரும் கேட்க முடியாத ஒரு நிலை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த நிலையிலிருந்துதான் இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு நான்கு வரியில் ஒரு பள்ளியின் தலைமையை மாற்ற முடிகிறது.

பணத்தைப் பற்றி நான் குற்றச்சாட்டு எதுவும் சொல்லவில்லை. கணக்கைப் பார்க்காதவர் குற்றம் சொல்ல முடியாது. பார்க்கக் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, இதற்கு அவகாசம் கேட்க முடியாது. பள்ளியின் பின்புற வாசல், நன்கொடையாக வந்த பழைய துணி மூட்டைகளும் உடைந்த கட்டில்களும் அடைத்துக்கொண்டதால், பல மாதமாகத் திறக்கப்படவில்லை. நாம் இருப்பது கும்பகோணத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் அங்கே ஒரு பள்ளியில் தீயில் இறந்தார்கள். அந்த ஆண்டு நம் பள்ளியின் பின்பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்ததாம். செய்தி வந்த மறுநாளே பெற்றோர்கள் கூடி அதைப் பிரித்துப் போட்டார்கள் என்று சொல்வார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி எரிந்து இறந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் ஐவர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். "நெருப்பு, ஓடு" என்றால் பலருக்குப் புரியாது. சிலர் பயந்து மேசைக்கு அடியில் போய்விடுவார்கள். கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளிடம் வற்புறுத்திக் கேட்கப்படும் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நம் பள்ளிக்கு இன்று நடப்பில் இருக்கின்றனவா என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் கடிதத்தைக் கொடுக்கச் சென்றபோது அலுவலகத்தில் எனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது: "இங்கே பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம்." அந்த வாக்கியத்தின் பலம் தங்களுக்குத் தெரியும். நாற்பது கிலோமீட்டருக்குள் வேறு சிறப்புப் பள்ளி இல்லை. இந்தப் பள்ளி இல்லை என்றால் என் மகன் வீட்டுக்குள்தான் இருப்பான். நான் தையல் வேலைக்குப் போக முடியாது. அவனை நான்கு சுவருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் தாய்மார்களில் ஒருத்தியாவேன். இந்த மடலில் கையெழுத்திட ஆறு பெற்றோர் விரும்பினார்கள். ஐந்து பேர் அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து விலகிக்கொண்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையைப் பணயமாக உணரும் பெற்றோர் பேச முடியாது. பெற்றோரும் பேசவில்லை என்றால் அந்தப் பள்ளியில் பேசுவதற்கு யாருமே இல்லை.

நான் கேட்பவை இவை. விடுவிக்கப்பட்ட தலைமைச் சிறப்பாசிரியைக்கும் பெற்றோருக்கும் அதற்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். அவர் மீது புகார் இருந்தால் அவருடைய விளக்கத்தைக் கேட்டு முறையாக விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் மீண்டும் அழைக்க வேண்டும். எப்படியானாலும், மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ஒருவரே பள்ளியின் கல்விப் பொறுப்பில் இருக்க வேண்டும். பணியாற்றும் ஒவ்வொருவரின் தகுதியும் பதிவு எண்ணும் வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

மருந்துப் பதிவேட்டை யார் எழுதுவது, அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதைப் பெயரோடு நாளைக்கே முடிவு செய்யுங்கள். இதற்குக் கூட்டம் தேவையில்லை. அதேபோல் வாசலுக்கு ஓர் ஆள், பெண் பிள்ளைகளின் பராமரிப்புக்கு ஒரு பெண் பணியாளர், பின்புற வாசலைத் திறந்துவைப்பது. இவற்றுக்குப் பணம் போதவில்லை என்றால் பெற்றோரைக் கூட்டிச் சொல்லுங்கள். இயன்றதைத் தருவோம், முறை வைத்து வந்து நிற்கவும் செய்வோம். ஆகஸ்டில் நடந்தது உட்பட, பிள்ளைக்கு நேரும் ஒவ்வொரு காயமும் வலிப்பும் காணாமற்போதலும் அன்றே பதிவேட்டில் எழுதப்பட்டு அன்றே வீட்டுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். பெற்றோர் வகுப்பறைக்கு வரும் வழி மீண்டும் திறக்கப்பட வேண்டும். பாடம் கெடும் என்றால் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று வரையறுங்கள், ஏற்கிறோம். மூன்று மாத மதிப்பீட்டு நோட்டுகளை இந்தக் காலாண்டு முடிவதற்குள் காட்டுங்கள். எங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் முகம் எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது. வந்திருப்பவை நீக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுக்குழுவைக் கூட்டுங்கள். 2019 க்குப் பிறகு சேர்ந்த பெற்றோரை உறுப்பினராக்குங்கள். அந்த ஆண்டு முதல் இன்று வரையிலான தணிக்கைக் கணக்கை முன்வையுங்கள். புதிய குழுவுக்குத் தேர்தல் நடத்துங்கள். தாங்களே மீண்டும் போட்டியிடுங்கள். தங்களில் சிலருக்கு என் வாக்கும் உண்டு. கேள்வி கேட்டதற்காக எந்தப் பிள்ளையின் இடமும் பறிக்கப்படாது என்று அந்தக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எழுதுங்கள்.

இந்த மடல் தங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் குழுவின் கையெழுத்தோடு பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதன் படியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும், மாவட்டப் பதிவாளருக்கும் அனுப்புவேன். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால் சங்கத்தின் நடவடிக்கைகளைப் பதிவாளர் விசாரிக்கலாம் என்று 1975 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2019 க்கு முன் ரசீது பெற்ற பெற்றோர் இருபத்தொரு பேர் இன்னும் பள்ளியில் இருக்கிறோம். அந்த ரசீதுகளைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவை பயன்படாமலே போவதையே விரும்புகிறேன்.

என் மகன் நாளையும் பள்ளிக்கு வருவான். பையின் முன்புற அறையில் மாத்திரை அட்டை இருக்கும். எண்ணிக்கையை அதன் மேல் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாய்,
2016 முதல் சங்க உறுப்பினர்